பத்தடி உயரத்துப் பெட்டி

முற்பகல் 11.40.

பெட்டியைத் திறந்தவள் லெனோரா. கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, வெறும் விரலால் மூடியை நெம்பினாள். உள்ளே ஒரு குறிப்பேடு, ஒரு கட்டைப் பென்சில், ஒரு பிளாஸ்டிக் தவளை, இரண்டு கோலிக்குண்டு. அவ்வளவுதான்.

"காசு எங்க?" என்றாள்.

டாட்டி பெட்டியை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். பிள்ளைகளின் பைகளைக் கவிழ்த்துப் பழகிய கை. தவளை பனியில் விழுந்தது, நாணயம் விழவில்லை.

"போன வாரமே வந்திருக்கணும்," என்றாள் லெனோரா. "டிசம்பர்லயே வந்திருக்கணும். நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

செயற்கைக்கோள் காட்டும் புள்ளியைப் பிடித்துக்கொண்டு காட்டில் ஒளித்து வைத்த பெட்டியைத் தேடுவது எங்கள் டெல்மோர்க்காரர்களுக்குச் சனிக்கிழமைப் பைத்தியம். ஜியோகேஷிங் என்று பெயர். கண்டுபிடித்தவர் குறிப்பேட்டில் தேதியும் பெயரும் எழுத வேண்டும்; எதையாவது எடுத்தால் அதையும் எழுத வேண்டும். சில பெட்டிகளில் எண் பொறித்த நாணயம் கிடக்கும். அது யாருக்கும் சொந்தமில்லை. எடுக்கிறவர் அடுத்த பெட்டிவரை சுமந்துபோய்ப் போட வேண்டும்.

காணாமல் போன பித்தளை நாணயம் லெனோராவின் கணவன் டெஸ்மண்ட் அனுப்பியது. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை, கணவாய் வண்டி நிறுத்தத்தில் இருந்த பெட்டிக்குள் அதைப் போட்டுவிட்டு, நண்பர் ஆர்விலோடு இந்தக் கூன்முகட்டுக்கு ஏறினான். மதியம் பனிச்சரிவு வந்தது. ஆர்வில் மட்டும் திரும்பினார். "நான் திரும்பலாம்னு சொன்னேன், டெஸ்மண்ட் கேக்கல," என்று விசாரணையில் சொன்னார். ஊரும் அதையே சொன்னது. பிடிவாதக்காரன் பெண்டாட்டி என்ற பெயர் லெனோராவுக்கு ஒட்டிக்கொண்டது.

நாணயம் முப்பத்தொரு நாடு சுற்றியது. போன டிசம்பரில் ஒரு பின்லாந்துக்காரி அதை இந்த முகட்டுப் பெட்டியில் கொண்டுவந்து போட்டுவிட்டு, வலைப்பக்கத்தில் எழுதினாள்: "இதோடு கட்டியிருக்கும் தகட்டின் கறுப்பு டேப் பிய்ந்துவிட்டது. அடியில் ஏதோ கீறி எழுதியிருக்கிறது, மனைவிக்குப் போலிருக்கிறது. நான் படிக்கவில்லை."

அன்றிலிருந்து லெனோராவுக்குத் தூக்கமில்லை. தானே போய் எடுக்க வேண்டும், வேறு யாரும் எடுத்துவர வேண்டாம் என்றாள். முழங்கால் கெட்டவள், தனியாக ஏற முடியாது. பனிக்காலத்தில் கூட்டமாகப் போவது எப்போது என்று தீர்மானிக்கிறவர் ஆர்வில். குழுத் தலைவர் அவர்தான். சரிவு எச்சரிக்கை, பனி அளவு, காற்று எல்லாம் பார்த்துத் தேதி குறிப்பார். டிசம்பர் 27 என்றார், தள்ளி வைத்தார். ஜனவரி 17 என்றார், அதையும் தள்ளி வைத்தார். கடைசியில் இன்று, பிப்ரவரி 7.

இப்போது அவர் குறிப்பேட்டைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"கடைசியா வந்தது யாருன்னு எழுதியிருக்கு," என்றார்.

கென்ஜி ஓகாபே. ஜனவரி 9. பனிச்சறுக்கு மைதானத்தில் தொங்கு நாற்காலிகளுக்கு எண்ணெய் போடுகிற இளைஞன். அவனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

"நான் எடுக்கலங்க. நான் வந்தப்ப இருந்துச்சு. வலைப்பக்கத்துலகூட எழுதினேனே."

எழுதியிருந்தான். ஊரே படித்தது. "நாணயம் பத்திரம். தகட்டை முழுசாகப் படிக்கவில்லை, அது லெனோராவுக்கு. ஆர்வில் பெயர் மட்டும் கண்ணில் பட்டது. நண்பனைப் பற்றி நாலு நல்ல வார்த்தையாக இருக்கும்."

"இருந்துச்சுன்னு நீதான் சொல்ற," என்றார் ஆர்வில். "தம்பி, மீட்புக் குழுவுல சேர எங்கிட்ட கடிதம் கேட்டிருக்க. நான் எத நம்பி கையெழுத்துப் போடறது?"

கென்ஜியின் முகம் தொங்கிப்போனது. டாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். லெனோரா பார்க்கவேயில்லை, அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

பெர்னிஸ் ஹௌகன் இவ்வளவு நேரம் மரத்தடியில் குந்தியிருந்தாள். அறுபத்தேழு வயது. முப்பது வருடம் பாசனத் துறைக்காக மலை மலையாக ஏறி, பனிக்குள் குழாய் இறக்கி ஆழம் அளந்தவள். பேச்சு குறைவு. கைத்தடியைப் பனியில் குத்திப் பார்த்தாள். ஒன்றரை அடியில் தரை தட்டியது.

"எல்லாரும் ஒண்ணு சொல்லுங்க," என்றாள். "இதுக்கு முன்னாடி கடைசியா எப்போ மேல வந்தீங்க? டாட்டி?"

"ஆகஸ்ட். பழம் பொறுக்க."

"கென்ஜி?"

"ஜனவரி ஒன்பது. ஒரே தடவ."

"லெனோரா, உன்னக் கேக்க வேணாம். ஆர்வில்?"

"அக்டோபர். பனி விழுறதுக்கு முன்னாடி. எதுக்கு இந்த விசாரண? பேரு எழுதியிருக்கே."

"சும்மா," என்றாள் பெர்னிஸ். கீழே விழுந்ததையெல்லாம் பெட்டிக்குள் போட்டு, அதையும் குறிப்பேட்டையும் தன் பையில் வைத்துக்கொண்டாள். "குளுருது. பாதி வழிக் குடிசைக்குப் போய்ப் பேசலாம்."

பகல் 12.25.

இறங்கும் வழியெல்லாம் அவள் காலையில் நடந்ததை மனத்துக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

காலை 7.05, வண்டி நிறுத்தம். ஆர்வில் வழக்கம்போல் தூக்குத் தராசோடு நின்றார். எடை விஷயத்தில் அவர் தங்க வியாபாரியைத் தோற்கடிப்பார். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டி எடுத்து வருகிற மனிதர். டாட்டியின் இரண்டாவது பிளாஸ்க்கை வண்டியிலேயே வைக்கச் சொன்னார்.

"அது சூப்பு, தலைவரே. என் உசுரு."

"உசுருக்கு ரெண்டு பவுண்டு ஜாஸ்தி."

லெனோரா டெஸ்மண்டின் படத்தைச் சட்டத்தோடு எடுத்து வந்திருந்தாள், மரத்தடியில் வைக்க. அதையும் அவர் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் அதை வண்டி இருக்கையில் கவிழ்த்து வைத்தாள்.

கணவாயில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தைப் பார்த்து ஆர்விலே உரக்கச் சொன்னார்: "ஆறடி. மேல மரத்தடியிலயும் எப்பவும் இதே ஆறடிதான். பெட்டி கைக்கு எட்டும்." பனிமேல் நின்று எடுக்கத் தோதாக அதை முகட்டு மரத்தின் கிளையில் பத்தடி உயரத்தில் கட்டியிருந்தார்கள்.

காலை 11.10. முகட்டின் கடைசி ஏற்றம். முழங்கால் ஆழத்துக்கு மெத்துப் பனி என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. ஆனால் அங்கே கண்ணாடி மாதிரி இறுகிய ஐஸ். ஆர்வில் அனுப்பிய சாமான் பட்டியலில் பூட்ஸில் மாட்டும் முள்பட்டை இருந்ததால் ஒருவரும் வழுக்கி விழவில்லை.

காலை 11.30. மரம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கிழக்குக் காற்று மரத்தடிப் பனியை வழித்துக்கொண்டு போயிருந்தது. எங்கள் மலையில் அது நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். பெட்டி தலைக்கு மேலே, யார் கைக்கும் எட்டாத உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அப்போது ஆர்வில் தன் பையிலிருந்து மூன்று துண்டாக மடித்த கம்பை எடுத்துப் பூட்டினார். நுனியில் கொக்கி. ஒரே இழுப்பில் பெட்டி கீழே வந்தது.

"இதுக்குத்தான் தலைவர் வேணுங்கறது," என்று டாட்டி மெச்சினாள்.

பெர்னிஸும் அப்போது மெச்சத்தான் செய்தாள்.

பகல் 1.15.

குடிசையில் அடுப்பு பற்றிக்கொண்டது. ஈரக் கையுறைகள் கயிற்றில் தொங்கின. கென்ஜி கதவோரம் தனியாக உட்கார்ந்தான். டாட்டி தன் ஒற்றை பிளாஸ்க்கை எல்லோருக்கும் சுற்றிவிட்டாள். அவன் முறை வந்தபோது கொஞ்சம் தயங்கினாள், பிறகு கொடுத்தாள்.

பெர்னிஸ் குறிப்பேட்டைப் பிரித்தாள்.

"கென்ஜி எழுதினத படிக்கறேன். 'ஜனவரி 9. பெட்டி நெஞ்சுக்குக் கீழே. கையாலேயே எடுத்தேன்.' அப்படின்னா அன்னிக்கு மரத்தடியில பனி இருந்திருக்கு. காத்து வழிச்சது அதுக்கப்புறம். சரியா, ஆர்வில்?"

"சரி. அதனால?"

"பெட்டி எத்தன அடியில கட்டியிருக்கு?"

"பத்து. எல்லாருக்கும் தெரியும்."

"கம்பத்துல இன்னிக்கு?"

"ஆறு."

"பத்துல ஆறு போனா நாலு. நெஞ்சுக்குக் கீழ தொங்கற பெட்டிக்குக் கொக்கிக் கம்பு எதுக்கு?"

ஆர்வில் சிரித்தார். "முன்னெச்சரிக்கை, பெர்னிஸ். அதுதானே என் வேல."

"கம்பு என்ன எடை?"

பெர்னிஸ் எழுந்துபோய் அவர் பையிலிருந்து கம்பை உருவி, அவருடைய தராசிலேயே தொங்கவிட்டாள்.

"மூணு பவுண்டு. டாட்டி சூப்ப இறக்கினீங்க. ஒரு பொம்பள, செத்துப்போன புருஷன் படத்த எடுத்துட்டு வந்தா, அதையும் இறக்க வெச்சீங்க. பிரஷ்ஷுக்குக் காம்பே வேணாம்னு வெட்டிப்போடற ஆளு, தேவப்படாதுன்னு தெரிஞ்ச சாமானுக்கு மூணு பவுண்டு சுமப்பீங்களா?"

டாட்டி வாயருகே கொண்டுபோன கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இன்னொண்ணு. அறிக்கையில மெத்துப் பனின்னு போட்டிருக்கு. உங்க பட்டியல் வியாழக்கிழம வந்துச்சு. 'கடைசி இருநூறு கஜத்துக்கு முள்பட்டை.' சரியா இருநூறு கஜம். நான் இன்னிக்கு எண்ணிக்கிட்டே நடந்தேன், ஐஸ் அங்கதான் ஆரம்பிக்குது. முப்பது வருஷம் பனி அளந்தவ நான். எனக்கே அது போய்ப் பாத்தாத்தான் தெரியும். அக்டோபர்ல வந்தவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அனுபவம்," என்றார் ஆர்வில். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அனுபவசாலி காலையில எங்ககிட்ட கைக்கு எட்டும்னு எதுக்குச் சொன்னீங்க? எட்டாதுன்னு தெரிஞ்சுதானே கம்ப மடிச்சு வெச்சீங்க. காத்து வழிச்சதுக்கப்புறம் ஒருத்தர் மேல போயிருக்காரு, பேரு எழுதல. குறிப்பேட்டுல யாரு பேரு இருக்குன்னு நாம எல்லாரும் பாத்தோம். யாரு பேரு இல்லன்னு பாக்கல. திருட வந்தப்பவும் நீங்க நல்ல தலைவராவே இருந்தீங்க, ஆர்வில். ஐஸப் பாத்ததும் நாங்க யாரும் விழக் கூடாதுன்னு முள்பட்டைய எழுதிட்டீங்க. அந்தப் பழக்கம்தான் உங்களக் காட்டிக்குடுத்துச்சு."

அடுப்பில் விறகு வெடித்தது. லெனோரா மெல்ல எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஜனவரி பதினேழுக்கு என்ன குறச்சல்னு பெர்னிஸ் அப்பவே முணுமுணுத்தா," என்றாள். "என் நல்லதுக்குத்தான் தள்ளிப்போடறீங்கன்னு நான் அவளத் திட்டினேன். ஆர்வில், அதுல உங்க பேரு எதுக்கு இருக்கு?"

ஆர்வில் தராசை எடுத்துக் கீழே வைத்தார்.

"ரெண்டு தடவ ஏறினேன்," என்றார். "மொத தடவ எட்டல. திரும்பி வந்து கம்போட போனேன். ஆத்துல வீசிடலாம்னு பாலம் வரைக்கும் போனேன் லெனோரா. பயணத்துல இருக்கற காச எப்படி வீசறது? முடியல."

மேலங்கிக்குள் கைவிட்டு, சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். தேய்ந்து போன பித்தளை நாணயம். அதோடு பெருவிரல் அகலத்தில் ஒரு தகடு. இன்று காலை எல்லோருடைய மூட்டையையும் நிறுத்தபோது அது அவர் நெஞ்சிலேயே இருந்திருக்கிறது.

லெனோரா ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். எழுத்துகள் ஆணியால் கீறியவை, கோணல் மாணலாக இருந்தன. அவள் உதடு அசைந்தது. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"'லெனோரா. நான் வேண்டாம் என்றேன். ஆர்வில் போயே தீருவேன் என்கிறான். தனியாக விட மனசில்லை. டெ.'"

கென்ஜி தலையைக் குனிந்துகொண்டான். டாட்டி ஆர்விலிடமிருந்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

லெனோரா அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, சத்தமாக, வெட்கமில்லாமல் அழுதாள். "பதினோரு வருஷமா செத்தவன்கூட சண்ட போட்டிருக்கேன்," என்றாள். "என்ன விட உனக்கு மலதான் பெருசான்னு படத்தப் பாத்துக் கேட்டிருக்கேன். பிறந்த நாளுக்குக்கூட கல்லறைக்குப் போகல. நீங்க பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு என் வாசல்ல பனி வாரிக் குடுத்தீங்க."

"பயந்துட்டேன்," என்றார் ஆர்வில். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். மறுநாள் சொல்லலாம்னு நினைச்சேன். அப்புறம் முடியவே இல்ல."

லெனோரா பெர்னிஸின் கையிலிருந்து குறிப்பேட்டை வாங்கி, வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, அவர் மடியில் வைத்தாள்.

"எடுத்தவங்க எழுதணும். அதானே நம்ம வழக்கம்."

ஆர்வில் தன் பேனாவை எடுத்தார். குளிரில் மை உறைந்திருந்தது; இரண்டு முறை இழுத்தும் எழுதவில்லை. கென்ஜி எழுந்து வந்து, பெட்டியிலிருந்த கட்டைப் பென்சிலை அவரிடம் கொடுத்தான்.

அவர் 'பிப்ரவரி 7' என்று ஆரம்பித்தார்.

"அந்தத் தேதி இல்ல," என்றாள் லெனோரா. "ஒன்பது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. காலையில வண்டி நிறுத்தத்துல என்ன பேசினீங்களோ, அங்கேருந்து எழுதுங்க."

ஆர்வில் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், இரண்டு மணிக்காவது கிளம்ப வேண்டும் என்று வழக்கமாக அவர்தான் நினைவூட்டுவார். அன்று அவர் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு கென்ஜி முன்னால் நடந்து எல்லோரையும் கீழே கூட்டிவந்தான்.