அசன் முகம்மதுவின் ஒரே படம்

அந்தி நேரத்து மஃரிப் பாங்கு முடிந்ததும் வழக்கம்போல் வாசலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்த அசன் முகம்மதுவின் கன்னத்தில் அன்று மச்சத்தைக் காணவில்லை.

மாஜிதாவுக்கு அவன் வருவதில் பயமில்லை. சவூதியில் விபத்தில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட புருஷன், மூன்று மாதமாக இப்படித்தான் வருகிறான். பேசமாட்டான், அத்தர் வாசனை லேசாகச் சுற்றிவர அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விடுவான். மையத்தாகிவிட்ட உடலின் முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்காதவளுக்கு அது போதும். ஆனால் மச்சம் எங்கே போகும்?

மறுநாள் புருவம் இல்லை. அதற்கு மறுநாள் உதடு மங்கியிருந்தது. அழுதழுது தன் கண்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள்.

நாய் வளர்க்கும் வேலுசாமி காலையில் வந்தார். ராஜபாளையத்து நாய்களை வெளியூரார் பார்க்க அவருக்கு வெப் பக்கம் செய்துகொண்டிருந்தாள்.

“ஏம்மா, என் நாய்க்குக் கண்ணு எங்க? வேட்டியக் காயப்போட்டது கணக்கால்ல இருக்கு!”

“பாக்கேன், அண்ணாச்சி.”

கனமான படங்கள் டெலிபோன் மோடத்தில் திறக்க வெகுநேரமாகும். அதனால் ஃபோல்டரில் உள்ள படங்களையெல்லாம் தானாகச் சுருக்கி அதன் மேலேயே சேமிக்க ஒரு பேட்ச் ஃபைல் எழுதி, கம்ப்யூட்டரைப் போட்டதும் ஓடும்படி வைத்திருந்தாள். கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் அது, சுருக்கியதையே மறுபடி சுருக்கியது; ஒவ்வொரு சுருக்கலிலும் படம் கொஞ்சம் அழிந்தது.

அதே ஃபோல்டரில்தான் அவன் படமும் இருந்தது. படம் எடுப்பது ஆகாது என்று கல்யாணத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டவன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது ஒன்றே ஒன்று. அதையும் ஸ்கேன் செய்துவிட்டு இறப்புச் சான்றிதழுக்காக அனுப்பியிருந்தாள், திரும்பி வரவில்லை.

அதைத் திறந்தாள். கோதுமை நிறத்தில் நாலைந்து கட்டங்கள். மேலே கறுப்பாக ஒன்று.

பேட்ச் ஃபைலை அழித்தாள். இனிமேல் குறையாது. குறைந்தது வரவும் வராது. கண்ணை மூடி அவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அங்கேயும் கட்டங்கள்தான் வந்தன. பாவி, நானே அழித்துவிட்டேனே என்று தரையில் விழுந்து அழுதாள்.

பாங்கு. அத்தர் வாசனை.

நாற்காலி இடறி விழும் சத்தம். சுவரைத் தடவும் சத்தம்.

“என்னங்க... இங்க இருக்கேன். இங்கதான்.”

அவனுக்குக் கேட்கவில்லை. காது இல்லை.

எழுந்துபோய் அவன் கையைப் பிடித்தாள். படத்தில் விழாத கை. நகம், ரேகை, எல்லாம் அப்படியே. சில்லென்றிருந்தது. அது மெல்ல மேலேறி அவள் கண்ணைத் தடவியது. மூக்கை. வாயை. அவள்தான் என்று தெரிந்துகொண்டதுபோல் ஒரு கணம் நின்றது.

பிறகு தன் முகத்துக்குப் போனது. கண் இருந்த இடத்தைத் தடவியது. மூக்கு. வாய். மறுபடி கண். விரல்கள் தேடின. தேடிக்கொண்டே இருந்தன.