கற்றறிந்த நண்பருக்கு

செவ்வாய்க் குடியிருப்பில் இருவர் சந்தித்தால் வணக்கம் சொல்வதில்லை. ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து எண் சொல்வார்கள். காற்றுப்பையில் எத்தனை நிமிடம் மீதி என்று காட்டும் முதுகுமானி, அணிந்தவரின் கண்ணில் படாது. பத்து நிமிடம் இருக்கும்போது காதில் மணி அடிக்கும்.

இருளப்பனின் பையில் மணி அடிப்பதில்லை. அதற்காகத்தான் பை செய்த நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டிருந்தார். பை சாட்சியப் பொருள் என்பதால், தீர்ப்பு வரும்வரை அதையேதான் அணிய வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு.

கோர்ட் அறைகளுக்குள் மட்டுமே காற்று உண்டு. வழக்கு அழைக்கப்பட்டால்தான் உள்ளே போகலாம். தாழ்வாரத்தில் காத்திருந்த இருளப்பன், எதிரே நின்ற பெண்ணிடம் முதுகைத் திருப்பினார்.

"எனக்கு எவ்வளவு இருக்குங்க மேடம்?"

அவள் ஞானசௌந்தரி, நிறுவனத்தின் வக்கீல். மானி ஏழு காட்டியது. இன்னொரு வக்கீலின் கட்சிக்காரரிடம் நேரில் பேசக் கூடாது என்பது தொழில் மரியாதை. அதிலும் வழக்கே இந்த எண்ணைப் பற்றியதுதான். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு, வக்கீலை வக்கீல் விளிக்கும் கோர்ட் முறைப்படி, இருளப்பனின் வக்கீல் சேதுராயருக்குச் செய்தி எழுதினாள்: 'கற்றறிந்த நண்பருக்கு, தங்கள் கட்சிக்காரரின் மானியைக் கவனிக்க வேண்டுகிறேன். அவசரம்.' கடைசிச் சொல் கட்டளை போல் இருக்குமோ என்று தோன்றியது. அழித்துவிட்டு அனுப்பினாள். அதற்குள் மானியில் நான்கு.

சேதுராயர் மூன்றாம் அறையில் வாதாடிக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தில் இருந்த வேறு இரண்டு வக்கீல்களிடமும் இருளப்பன் முதுகைக் காட்டினார். பேசினால் அடுத்தவர் கட்சிக்காரரை இழுப்பதாக ஆகிவிடும்; அவர்கள் கோப்பைப் புரட்டினார்கள். இருளப்பன் சிரித்தார். காற்று குறைந்தால் காரணமில்லாமல் சிரிப்பு வரும்.

"யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா நிறைய இருக்குன்னு அர்த்தம்" என்று பெஞ்சில் சாய்ந்தார்.

சேதுராயர் வெளியே வந்தபோது மானி பூஜ்யத்தில் நின்றிருந்தது. உடலைப் பார்த்துவிட்டு, முதலில் ஞானசௌந்தரிக்கு நன்றி சொன்னார். "நேரா பேசாம எனக்கே எழுதுனீங்க. இந்தக் காலத்துல யார் மேடம் இப்படி இருக்காங்க?"

கட்சிக்காரர் இறந்தால் வக்காலத்தும் முடிந்துவிடும். இருளப்பனின் மனைவி பேச்சி வந்து சேர்ந்ததும், சேதுராயர் அவளை ஓரமாக அழைத்துப்போய் ஆறுதல் சொன்னார். திரும்பி வந்தவள் ஞானசௌந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா பக்கத்துல நீங்கதான் இருந்தீங்களாமே. ஏதாச்சும் கேட்டாராம்மா?"

ஞானசௌந்தரி வாயெடுத்தாள். சேதுராயர் மெல்லச் செருமினார்.

"மேடம், இவங்க இப்பதான் எனக்கு வக்காலத்து குடுத்திருக்காங்க."

ஞானசௌந்தரிக்குக் கண் கலங்கியது. கையை விடுவித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க" என்றாள், சேதுராயரிடம்.