மருந்து தாங்கும் வரை

பருத்திப்பட்டு ஏரிக்கரை வீட்டுக்கு அன்று மதியம் நான் போனபோது லோகநாதன் வாசலில் காத்திருந்தார். எப்போதும் என்னைப் பின்பக்கம் சுற்றி வரச் சொல்கிறவர், அன்று முன்கதவைத் திறந்துவிட்டார். அப்போதே நான் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

"வா, தங்கவேலு மவளே. ஆத்தா தட்டிக்கினே கீது. ஊசியப் போடு."

என் அப்பா அவர்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுப் படிப்பு முடித்த பிறகும் அந்த வீட்டில் எனக்கென்று ஒரு பெயர் கிடையாது.

லோகநாதனின் தாய் முத்தம்மாளுக்கு மார்பில் புற்று. உடைந்து சீழ் வைத்து, எலும்பு வரை இறங்கிவிட்டது. குணப்படுத்த வழியில்லை, வலியைத் தணிக்கலாம். அதற்குத்தான் மார்பியா ஊசி. அவள் அலறல் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று வாயில் துணியைத் திணித்திருந்தார்கள். வலி வந்தால் பித்தளை லோட்டாவால் கட்டில் சட்டத்தில் தட்டுவாள்.

டக். டக். டக்.

போன வாரம் லோகநாதன் என்னை மறித்து அனுப்பிவிட்டார்.

"அவிட்டம் பொறந்துச்சு. ரேவதி முடியற வரிக்கும் ஊசி வாணாம். ஊசியில உசுரு பூட்சுன்னா அந்த ரூமை ஆறு மாசம் மூடணும். அறுப்பு நெல்லை எங்க கொட்றது?"

"மருந்து கொல்லாதுங்க. வலிதான் கொல்லுது."

"படிச்ச திமிரு. போமே."

அவிட்டம் முதல் ரேவதி வரை அந்த ஐந்து நட்சத்திரங்களில் செத்தால், பிணத்தை வாசல் வழியே எடுக்க மாட்டார்கள். சுவரை இடித்து எடுத்துவிட்டு, ஆவி உலவாமலிருக்க ஓட்டையை அடைத்து, அறையைப் பூட்டிவிடுவார்கள். நெல் மூட்டைக்கு இடம் வேண்டுமென்று, பெற்றவளை மருந்தில்லாமல் போட்டுவைத்தார்கள்.

இப்போது ரேவதி முடிந்துவிட்டது. உள்ளே போனேன்.

ஜன்னல் சாத்தியிருந்தது. புண்ணின் நாற்றம். அதற்கு மேல், ஈர மண்ணின் வாசனை. அவள் போர்வைக்குள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தாள். லோட்டா தட்டிக்கொண்டே இருந்தது.

கதவு வழியே வந்த வெளிச்சத்தில் மருந்தை ஏற்றினேன். அவள் கையைப் பிடித்தேன்.

கிணற்றடிக் கல் மாதிரி இருந்தது.

"கோச்சுக்காத பெரிம்மா. அவங்கதான் விடல."

ஊசி இறங்கியது. தட்டுவது நின்றது.

எனக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டில் தீக்குச்சி கிழித்தேன். கட்டிலுக்கு அப்பால் சுவரில், ஓர் ஆள் நுழையும் அகலத்துக்குப் புது மண் அப்பியிருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை.

போர்வை தட்டையாகக் கிடந்தது.

கதவில் ஓங்கி அடித்தேன். வெளியிலிருந்து லோகநாதன் கிசுகிசுத்தார்.

"சதயத்தன்னிக்கே ஆத்தா பூட்ச்சு. எடுத்துக்கினு போயி கொளுத்தியும் ஆச்சு. ஆனா தட்றது நிக்கல. ஒருத்தரும் கண்ணு மூடல."

"கதவைத் திறங்க!"

"இப்ப நின்னுபூட்ச்சு பாத்தியா? மருந்து எம்மா நேரம் தாங்கும்?"

படித்த பாடம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நாலு மணி நேரம்."

வெளியே அவர் கணக்குப் போட்டு முணுமுணுத்தார்.

"அப்ப நீ அங்கியே இரு. ஆறு மாசந்தான். மருந்து நான் வாங்கியாறேன். கஞ்சி வரும்."

நான் அழவில்லை. எனக்கு வெறி வந்தது. ஊசிப் பெட்டியின் தகர மூடியால் அந்த ஈர மண்ணைத் தோண்டினேன். நகம் பெயர்ந்தது. பொழுது சாயும்போது, பிணம் போன வழியே நானும் வெளியே வந்து விழுந்தேன். எனக்குப் பின்னால் ஓட்டை திறந்தே கிடந்தது. அதை அடைக்க வேண்டுமென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இன்று நசரத்பேட்டையில் ஒற்றை அறையில் இருக்கிறேன். பருத்திப்பட்டு வீட்டில் இப்போது சத்தமே இல்லையாம். எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்களாம்.

என் அறையில் கட்டில் கிடையாது. பித்தளைப் பாத்திரமும் கிடையாது.

டக். டக். டக்.

ஊசி வெந்நீரில் கொதித்துக்கொண்டிருக்கிறது.

"இரு பெரிம்மா. வந்துட்டேன்."