நீலம் தீர்ந்த இடம்

சிலுவையம்மாள் மூன்று பொருள்களை மேசைமேல் வைத்தாள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரியில் அடிபட்டு இறந்த மகள் ஆன்சியின் கையில் இருந்ததென்று போலீஸ் கொடுத்த காலி ரீஃபில். அவள் அறையில் கிடந்த நீலப் பேனா. ஒரு தாள்.

"வேணும்னே போயி வுழுந்தாளாம்னு தெருவே பேசுது. என்னை வுட்டுட்டுப் போவணும்னு போனாளா? அதை மட்டும் சொல்லும்மா."

ஓய்வுபெற்ற ரயில்வே போலீஸ் அதிகாரி அன்புக்கரசி காலி ரீஃபிலை எடுத்துப் பார்த்தாள். இந்தக் கேள்வியோடு வந்தவர்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள். எந்தப் பதிலும் அவர்களைத் தூங்க வைத்ததில்லை.

அவளுடைய விசாரணைகளில் கூடவே அலையும் ஆட்டோக்காரன் பகலவன் தாளை எடுத்தான். ஆன்சியின் பேராசிரியர் அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப்படி. 'இரண்டாம் கூட்டம், மூத்த நட்சத்திரங்கள் உதிர்த்த வாயுவில் பிறந்தது என்கிறாய். அத்தனை நட்சத்திரங்களுக்கு அந்த வாயு போதாது. முதலிலிருந்து தொடங்கு.'

"நாலு வருசப் படிப்பு பேஜாராப் போச்சு. மனசு வுட்டுட்டா, அக்கா. அதான்."

"திருப்பிப் பாரு பகலவா."

பின்பக்கம் கையால் போட்ட வரைபடம். குறுக்கே ஆக்சிஜன், மேலே சோடியம். சிவப்பிலும் நீலத்திலும் புள்ளிகள்.

"எல்லாத்தையும் மொதல்ல கையாலதான் போடுவா," என்றாள் சிலுவையம்மாள். "பந்து மாதிரி ஒரு நட்சத்திரக் கொத்து கீதாம். எல்லாம் ஒரே பிரசவம்னு நெனச்சுகினு இருந்தாங்களாம். பாத்தா ரெண்டு கூட்டமாம். ரெண்டாவதுல, அந்த நீலப் புள்ளில, சோடியம் ஜாஸ்தி, ஆக்சிஜன் கம்மி. 'அது எங்கேந்து வந்துச்சுன்னு ஒருத்தருக்கும் சரியாத் தெரியலம்மா'ன்னு சோறு துன்றப்பல்லாம் சொல்லுவா."

அன்புக்கரசி தாளை வெளிச்சத்தில் சாய்த்தாள். சிவப்புப் புள்ளிகள் நிறைந்திருந்தன. நீலம் போகப்போக மங்கியது. கடைசிப் புள்ளியில் மையே இல்லை, வெறும் அழுத்தம். அடியில் சிவப்பு எழுத்து: 'வாயு போதாதென்றால், வேறு எங்கிருந்து?'

"இது அவருக்குப் பதில். அப்போ, லெட்டரைப் படிச்ச அப்புறம்தான் போட்டிருக்கா. தொடங்குன்னார், தொடங்கிட்டா. பேனாவைத் திற."

பகலவன் திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை.

"புதுசு வாங்கப் போறவங்கதானே பழைய ரீஃபிலை அளவுக்கு எடுத்துட்டுப் போவாங்க? கடை எங்கேம்மா?"

"ரோட்டுக்கு அந்தாண்ட."

"சாகப் போனவ இல்லம்மா. மீதிப் புள்ளியை வைக்கத் திரும்பி வர இருந்தவ."

சிலுவையம்மாளின் முகம் ஒரு கணம் தெளிந்தது. "அப்ப என்னை வுட்டுட்டுப் போவல."

பிறகு அந்தத் தெளிவு மெல்லக் கலைந்தது.

"முந்தின நாளே சொன்னா. வர்ற வழில நீல ரீஃபில் ஒண்ணு வாங்கினு வாம்மான்னு. மீன் கூடையோட நேரா வூட்டுக்கு வந்துட்டேன்."

பகலவன் வாசலைப் பார்த்தான். அன்புக்கரசி பேனாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

சிலுவையம்மாள் மூடியைத் தேடி எடுத்து, உள்ளே ஒன்றுமில்லாத பேனாவில் மாட்டினாள்.