நூற்றுப் பதினெட்டாம் முகவரி

இளமதி இதை என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். முதல் முறை மதியம் இரண்டு மணி என்றாள். அடுத்த முறை மூன்றரை என்றாள். வீரய்யா டீசல் கேனோடு திரும்பி வந்தது அந்த வரியை அவள் அழிப்பதற்கு முன்பா பின்பா என்பதிலும் அவளுக்குக் குழப்பம். முன்பு என்றால் பாதிப் பழி அவருக்கு. பின்பு என்றால் முழுவதும் அவளுக்கு. சொல்லிக்கொண்டே வருகையில் நடுவில் நெடுநேரம் பேசாமல் இருந்துவிடுவாள். நானும் கேட்கமாட்டேன். அந்த இடைவெளிகளை நான் எதைக்கொண்டு நிரப்பினேன் என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை. ஆகவே இதில் வரும் நேரங்களை நம்ப வேண்டாம்.

அரிமளத்தைத் தாண்டி, தைலமரக் காட்டுக்குள் பிரியும் ஒரு மண்பாதையின் முடிவில் இருந்தது அந்தக் கட்டடம். ஒரே தளம். ஜன்னல் கிடையாது. ஒரு மொபைல் நிறுவனத்தின் சாதன அறை. ஜெனரேட்டரையும் ஏசியையும் பார்த்துக்கொள்ளும் வீரய்யா பூட்டைத் திறந்துவிட்டு, "உள்ள குளிருங்க மேடம், துண்டு கிண்டு இருந்தாப் போத்திக்கிருங்க" என்றார்.

வெளியே சித்திரை வெயில் மண்ணை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே கால் வைத்ததும் முதுகு சில்லிட்டது. பழைய தூசியும் சூடான பேட்டரியும் கலந்த வாடை. நூறு சிறு விசிறிகள் ஒரே சுரத்தில் இரைந்தன. மூலையில் ஒரு பேட்டரிப் பெட்டி பத்து விநாடிக்கொரு முறை 'பீப்' என்றது.

"அது மூணு மாசமா அப்படித்தான் கத்துது" என்றார் வீரய்யா. "எழுதிப் போட்டாச்சு. ஒருத்தரும் வரல." ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிவரக் கிளம்பினார்.

இளமதி வந்தது பழைய கேட்வேயை எடுத்துவிட்டுப் புதியதை அமைக்க. நாம் போனில் டேட்டாவைப் போட்டதும் அது கோபுரம் வழியாக இந்தச் சாதனத்துக்குத்தான் வந்து சேர்கிறது. சாதனம் அதற்கு ஒரு முகவரி கொடுக்கிறது. சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் தருவதைப் போல. டேட்டாவை அணைத்தால் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்து வருபவருக்குத் தரும். யார் கையில் இப்போது எந்த முகவரி, எந்தக் கோபுரத்திலிருந்து என்பதெல்லாம் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் நாள் ஒரே ஒரு வட்டாரத்துப் போன்களை மட்டும் புதியதற்கு மாற்றிப் பார்ப்பதென்று திட்டம். கீரமங்கலத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். அங்கே அக்கா ரஞ்சிதா பூக்கடை வைத்திருந்தாள். வேலை முடியும்வரை அக்கா வீட்டில்தான் தங்கல். எதையாவது சோதிக்க வேண்டுமென்றால் அக்கா போனையே சோதித்துக்கொள்ளலாம். காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டபோது ரஞ்சிதா சொன்னாள்: "ஊருக்கே நெட்டு குடுக்குறவ, ஒங்கக்கா போன்ல ஒரு வீடியோ முழுசா ஓடுதான்னு பாத்தியாடி?"

பழைய சாதனத்தின் அமைப்புகளை வரி வரியாகப் புதியதில் ஏற்றினாள். ஒரு வரியில் நின்றாள். நூற்றுப் பதினெட்டில் முடியும் ஒரு முகவரியை மட்டும் யாருக்கும் தராமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளில் தமிழ் இருந்தது.

கொடுக்காதீங்க.

எந்திரத்திடம் யாராவது 'ங்க' போடுவார்களா? பின்னால் வரப்போகும் ஓர் ஆளிடம் சொன்ன மாதிரி இருந்தது அது. சென்னை அலுவலகத்திலிருந்து வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த பிரவீன்குமாரைப் போனில் கேட்டாள்.

"அன்னைக்கு எவனோ வீட்டுல சண்டை போட்டுட்டு வந்து டைப் அடிச்சிருப்பான் மேடம். தூக்கிப் போடுங்க."

காரணமில்லாத ஒரு வரியையும் தன் சாதனத்தில் விடமாட்டாள் என்று அவளுக்கு அலுவலகத்தில் பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அழித்தாள்.

கீரமங்கலத்துப் போன்கள் வரத் தொடங்கின. நாற்பது, தொள்ளாயிரம், மூவாயிரம். எல்லாம் சரியாக இருந்தது. சும்மா இருந்த நேரத்தில் நூற்றுப் பதினெட்டு யாருக்குப் போயிருக்கிறது என்று பார்த்தாள்.

யாரோ ஒருவருக்கு. எண் தெரியாதது. அந்தப் போனுக்குள் எதுவும் இறங்கவில்லை; ஆனால் அதிலிருந்து இடைவிடாமல் ஏதோ வெளியே போய்க்கொண்டிருந்தது. கோபுரத்தின் பெயர் வரவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. கோபுரம் இல்லாமல் போன் எப்படி வரும்?

நான்கு நிமிடத்தில் இணைப்பு அறுந்தது. முகவரி திரும்பி வந்தது. அடுத்து இன்னொருவருக்குப் போனது. அங்கும் அதே காலிக் கட்டம். ஏழு நிமிடத்தில் அதுவும் அறுந்தது.

அறுந்த போன்கள் கொஞ்ச நேரத்தில் வேறு முகவரியோடு திரும்ப வரும். இந்த இரண்டும் வரவில்லை. தேடினாள். எங்குமே இல்லை.

இரண்டாவது எண்ணைத் தன் போனிலிருந்து அழைத்தாள். உடனே எடுத்தார்கள்.

"அலோ. யார் பேசுறீங்க?"

ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது. விசிறிகள் ஒரே சுரத்தில் இரைவதைப் போல.

பிறகு ஒரு 'பீப்'.

போனைக் காதிலிருந்து விலக்கினாள். பத்து விநாடி. மூலையில் பேட்டரிப் பெட்டி 'பீப்' என்றது. போனைக் காதில் வைத்தாள். பத்து விநாடி. இரண்டும் ஒரே கணத்தில் கேட்டன.

அந்தப் போன் இந்த அறையில் இருந்தது.

மெதுவாகத் திரும்பினாள். சாதன அலமாரிகள். பச்சை விளக்குகள். வேறு யாரும் இல்லை.

கதவு திறந்ததும் உடம்பு தூக்கிப் போட்டது. வீரய்யா. கையில் டீசல் கேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேனைக் கீழே வைத்தார்.

"நூத்திப் பதினெட்ட விட்டுவெச்சிருக்கீங்கள்ல மேடம்?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"சாரு சொல்லச் சொன்னாரு. யாரு வந்தாலும் மொத வேலையா சொல்லணும்னு. ஆறு வருசமாச்சு, யாருமே வரலையா, மறந்தே போச்சு." தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். இங்கே நாராயணன் என்று ஓர் இன்ஜினியர் இருந்தார். ஒரே மத்தியானத்தில் மூன்று பேர் காணாமல் போனார்கள். மூன்றாவது ஆள் அவர் மனைவி சிவகாமி. "தட்டுல பெசஞ்ச சோறு அப்படியே கெடந்துச்சுங்க. வாசல்ல செருப்பு கெடந்துச்சு. ஆளையுங் காணோம், போனையுங் காணோம். சாரு ராப்பகலா இந்தப் பொட்டியத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. அந்த நம்பர் கையில இருக்கிறவரைக்கும் ஆளுக்கு ஒண்ணுமில்லையாம். அறுந்துச்சுன்னாத்தான் போயிருவாகளாம்."

"அவர் இப்ப எங்க இருக்காரு?"

"அந்த வரிய எழுதி வச்ச மறுநாளு வரல. அப்புறம் யாரும் பாக்கல."

இளமதி திரையைப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு மூன்றாவது ஆளுக்குப் போயிருந்தது. இந்த எண்ணை அவள் யாரையும் கேட்கத் தேவையில்லை. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அது.

மூன்றாவது மணியில் ரஞ்சிதா எடுத்தாள். "என்னடி, வேலையில்லையா ஒனக்கு?"

"அக்கா, டேட்டாவ ஆஃப் பண்ணாத. என்ன ஆனாலும் ஆஃப் பண்ணாத. சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"ஒம்பது. இங்கிட்டு காலையிலேர்ந்து கரண்டு இல்ல. மாசாந்திர கட்டு. அஞ்சு மணிக்குத்தான் வரும்."

"பக்கத்துல யார்கிட்டயாவது பவர் பேங்க் வாங்கு. இப்பவே."

"பூக்கட்டிக்கிட்டு இருக்கேன்டி. ஆளு நிக்கிது."

"அக்கா."

அந்த ஒரு சொல்லில் ரஞ்சிதாவுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். மேற்கொண்டு கேட்கவில்லை. செருப்பு தேயும் சத்தம். செல்போன் கடைக்காரரிடம் "அண்ணே, எந்தங்கச்சிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, ஒங்க பவர் பேங்க குடுங்க" என்பது கேட்டது. யாரோ சிரித்தார்கள். "போட்டுட்டேன். ஏறுது. பன்னெண்டாயிருச்சு. போதுமா மகாராணி?"

இளமதிக்கு அழுகை வந்தது. அப்படியே வைத்திருந்தால் போதும். ஒரு நாள், இரண்டு நாள், வேண்டுமானால் வருடக்கணக்கில். அதற்குள் ஏதாவது வழி தெரியும். இனி வேறு யாருக்கும் போகாமலிருக்க அந்த வரியை மட்டும் திரும்பப் போட்டுவிட வேண்டும். அக்காவின் இணைப்பை அது தொடாது. தட்டினாள்.

சாதனம் மறுத்தது. வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார் என்றது.

"பிரவீன், நீயா உள்ள இருக்க?"

"நான் எதையுமே தொடலையே மேடம்."

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சாதனத்திடமே கேட்டாள். இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று அவளுடையது.

மற்றது நாராயணன்.

அந்தப் பெயரில் இந்தப் புதிய சாதனத்தில் யாருக்கும் அனுமதி கொடுக்கப்படவில்லை. நேற்றுவரை இது அட்டைப் பெட்டிக்குள் இருந்தது.

திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. பழைய அமைப்பு முழுவதுமாகத் திரும்ப ஏற்றப்படுகிறது. எல்லா இணைப்புகளும் துண்டிக்கப்படும். நான்கு நிமிடம்.

நிறுத்தப் பார்த்தாள். மறுத்தது. சென்னையிலிருந்து பிரவீன் முயன்றான். மறுத்தது. வீரய்யா மின்கம்பியைப் பிடுங்கப் போனார். "தொடாதீங்க" என்றாள். பிடுங்கினாலும் அறுந்துவிடும். அவள் எதைத் தொட்டாலும் அக்கா அறுந்துவிடுவாள். பழைய அமைப்போடு அந்த வரியும் திரும்பி வரும்; அடுத்து வரும் ஆட்களைக் காப்பாற்றத் தனக்குத் தெரிந்த ஒரே வழியைத்தான் நாராயணன் செய்துகொண்டிருந்தார்.

சாதனத்துக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஒரு வரி அனுப்பிக்கொள்ள வசதி உண்டு. தட்டினாள்.

சார், என் அக்கா அதுல இருக்கா. நிறுத்துங்க.

பதில் வருவதற்குள் பேட்டரிப் பெட்டி பல முறை கத்தி ஓய்ந்தது.

வலிக்காதும்மா.

அதற்குமேல் எதுவும் வரவில்லை.

காதில் ரஞ்சிதா பேசிக்கொண்டிருந்தாள். முல்லை இன்று மலிவு, ராத்திரிக்குத் தோசை ஊற்றவா, மாவு புளித்துவிட்டது என்று. இளமதி "ம்" கொட்டினாள். என்ன சொல்வது? ஓடு என்றால் எங்கே ஓடுவாள்?

"மதி, ஒம்பக்கத்துல யாரோ பேசுறாகளே. பொம்பளைக் கொரலு."

"யாரும் இல்லக்கா."

"இல்லடி, எம்பேரச் சொல்லிக் கூப்புடுறாக." பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. "ஏண்டி, இங்கிட்டு ஏன் இம்புட்டுக் குளிருது?"

"அக்கா, பேசிக்கிட்டே இரு."

"என்னத்தடி பேச…"

திரையில் மூவாயிரமும் பூஜ்யமானது.

போனில் விசிறிகளின் இரைச்சல் கேட்டது. 'பீப்' என்றது. அவள் காதிலும், அறையிலும்.

பூக்கடையில் ரஞ்சிதாவின் செருப்பும் பாதி கட்டிய முல்லைச் சரமும் கிடந்தன. பவர் பேங்கும் இருந்தது, ஒயரோடு. போன் இல்லை. கீரமங்கலம் வட்டாரத்தில் அன்று காணாமல் போன மற்ற இருவர் ஒரு கொத்தனாரும் ஒரு கல்லூரிப் பெண்ணும். மூன்று பேரையும் போலீஸ் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. வீரய்யா வேலையை விட்டுவிட்டுத் திருமயத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் இருக்கிறார். பிரவீன்குமார் பெங்களூருக்கு மாறிப் போனான். அந்த நாளைப் பற்றிக் கேட்டால் போனை வைத்துவிடுகிறான். இளமதி வேலையை விடவில்லை. பழைய சாதனத்தையே தொடரலாம் என்று எழுதிக் கொடுத்து, அந்த அறைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று அதைக் கேட்கிறாள். அவள் பெயரோடு இப்போது எட்டுப் பெயர்கள் வருகின்றன. ஏழாவது ரஞ்சிதா.