வாபஸ் நேரம் மூன்று மணி வரை

"மாப்ள, நான் சொல்றதை ஒரு நிமிஷம் கேட்டுட்டு..."

அவ்வளவுதான்.

மரக்கடைக்காரரின் இரும்புக் கம்பி இரண்டாவது முறையாக அச்சகக்காரரின் மண்டையில் இறங்கியது. மடேர்! எலும்பு நொறுங்கியது. ரத்தம் காகிதக் கட்டுகளில் தெறித்தது. மூன்றாவது அடி தேவையே இல்லை. ஆனாலும் அடித்தார்.

செத்துக் கிடந்தது வேறு யாருமில்லை. மரக்கடைக்காரருடைய பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். வார்டு கவுன்சிலர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஒரே ஆள்.

மணி இரண்டு பத்து.

மரக்கடைக்காரர் தேர்தல் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். வாபஸ் நேரம் இன்று மூன்று மணியோடு முடிகிறது. அதற்குப் பிறகு வேட்பாளர் செத்தால் தேர்தலையே நிறுத்திவிடுவார்கள். கட்சி வேறு ஆளை நிறுத்தும். அனுதாப ஓட்டு அள்ளிக்கொண்டு போகும்.

மூன்று மணிக்குள் செத்தால்?

மிச்சம் ஒரே மனு. போட்டியில்லாமல் பதவி!

ஏற்கெனவே இரண்டு தடவை மண்ணைக் கவ்வியவர். இந்தத் தடவையும் தோற்றால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று புழுங்கிக்கொண்டிருந்தார். அதனால்தான் விடிந்ததிலிருந்து போனை அணைத்துவிட்டு, அச்சகத்துப் பின்கட்டு குடோனில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்துக் கிடந்தார். போன் ஓடினால் டவர் காட்டிக்கொடுத்துவிடுமே... அவ்வளவு விவரமான ஆள்!

குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பையில் கொண்டுவந்த வெள்ளைச் சட்டையை மாட்டினார். மூன்று ஐந்துக்குத் தேர்தல் அலுவலகத்தில் நின்றார்.

தேர்தல் அதிகாரி எழுந்து கை குலுக்கினார். போட்டி இல்லை, இனி நீங்கள்தான் கவுன்சிலர் என்று சான்றிதழை நீட்டினார். காவலுக்கு நின்ற இன்ஸ்பெக்டர்கூட உள்ளே வந்து வாழ்த்திவிட்டு ஓரமாக நின்றார்.

சான்றிதழே கைக்கு வந்துவிட்டதே, அதற்குள் பிணத்தைப் பார்த்துவிட்டார்களா? நல்லதாப் போச்சு என்று நினைத்துக்கொண்டார் மரக்கடைக்காரர். ஒரே ஒரு சந்தேகம்தான் மனசை அரித்தது. கேட்டேவிட்டார்.

"மச்சான் மூணு மணிக்கு முந்தியே செத்துட்டாரே... இனிமே அவங்க கட்சி வேற ஆளை நிறுத்த முடியாதுல்ல சார்?"

அதிகாரியின் கை அப்படியே நின்றது.

"யாரு செத்தது? அவர் பத்தரைக்கே நேர்ல வந்து வாபஸ் வாங்கிட்டாரே..."

கடிதத்தை எடுத்துக் காட்டினார். கீழே, கேட்காமலே எழுதிய ஒரு காரணம்.

'தங்கச்சி காலையில் வந்து அழுதாள். மாப்பிள்ளையே ஜெயிக்கட்டும்.'

 பத்தரையிலிருந்து வார்டுக்கே தெரிந்த சேதி. போனை அணைத்து வைத்திருந்த ஒருவரைத் தவிர! பெண்டாட்டி எத்தனை தடவை கூப்பிட்டாளோ... அவள் முகத்தில் இனி எப்படி விழிப்பது? மரக்கடைக்காரர் நாற்காலியில் சரிந்து, மச்சான் மச்சான் என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் சொல்லி அச்சகத்துக்கு ஆளனுப்பினார். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது.

விலங்கை எடுத்தார்.

"கையை நீட்டுங்க கவுன்சிலர் சார். இந்தக் கேஸ்லயும் உங்களுக்குப் போட்டியே இல்ல!"