ஓவர்சியர் போட்ட முள்

"யாரைக் கேட்டு இங்கன முள்ளை வெட்டிப் போட்டிருக்கீங்க?"

சண்முகசுந்தரி சைக்கிளிலிருந்து குதித்த வேகத்தில் மட்கார்டு கடகடத்தது. குளத்துக்கரைக்கு ஏறும் பாதையை மறித்து ஆள் உயரத்துக்கு உடைமுள். அதற்கு அந்தப் பக்கம், கறுப்புக் குடைக்குள் ஓர் இளைஞன். கேட்ட கேள்வி காதில் விழாதவன்போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கண்கள் அப்படி… கோபத்தில் இன்னும் பெரிதாகி, இமையில் ஒரு சாரல் துளி தொங்க…

"உங்களத்தான் கேக்கேன்!"

"நான் யாரையும் கேக்க வேண்டாம். நான்தான் புதுசா வந்திருக்க ஓவர்சியர், காந்திமதிநாதன். மாட்டுவண்டிய ஏத்தி ஏத்திக் கரைய உடைச்சிட்டாங்க. சீசன் முடியிற வரைக்கும் ஒருத்தரும் போகக்கூடாது."

"சைக்கிள் என்ன மாட்டுவண்டியா?"

"சைக்கிளும் வண்டிதான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நல்ல தார்ச்சாலை இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? ஆனால் சீசன் வந்துவிட்டால் அங்கே காரும் பஸ்ஸும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகும். குளத்துக்கரையில் ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் வயல், நடுவில் பழைய காலத்துக் கல்மண்டபம். அப்படியே இலஞ்சிக் கோயிலைப் பார்த்துவிட்டு, குற்றாலத்தில் சித்திரசபை வரை போய்விடலாம்.

சண்முகசுந்தரி பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள். தன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இந்த வழியாகச் சைக்கிளிலேயே கூட்டிப்போக வேண்டுமென்று வருஷம் முழுவதும் தலைமையாசிரியையோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். 'பஸ் போகும் சாலையில் ஓர் அடிகூடப் போகக்கூடாது' என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. வரும் சனிக்கிழமை பயணம். பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் விழுந்து எழுந்து, முழங்கால் தேய்ந்து, சைக்கிள் கற்றுக்கொண்டு காத்திருக்கிறார்கள். இப்போது பார்த்தா முள்?

"மண்டபத்துக் கல்வெட்டுல ஆடு மாடு முதுகச் சொறியலாம்… படிக்க புள்ளைங்க போய்ப் பாக்கக்கூடாது! நல்லா இருக்குய்யா உங்க சட்டம்!"

காந்திமதிநாதன் கொஞ்சம் இளகினான். "என்னைக்குப் போகணும்?" என்று கேட்க வாயைத் திறந்தான். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"குடை பிடிச்சுக்கிட்டுக் குளம் காக்க ஓவர்சியர இப்பத்தான் பாக்கேன். நனைஞ்சா நீங்களும் கரைஞ்சிருவீங்களோ?"

பக்கத்தில் நின்ற குளத்துக் காவலாள் பேச்சிமுத்து சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது. தனக்குக் கீழே வேலை பார்ப்பவன் எதிரில் ஒரு பெண்ணிடம் மூக்கறுபட்ட எந்த அதிகாரி இறங்கி வருவான்?

"முடியாது. போங்க."

அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போன பிறகும் அவன் அதே இடத்தில் நின்றான். குடையை மடக்கியது எப்போதென்று அவனுக்கே தெரியவில்லை.

*

வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தவளை அம்மா முத்துவடிவு பின்வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, மொகத்தக் கழுவிட்டுச் சேலைய மாத்து. உன்னப் பொண்ணு கேட்டு மாப்பிள்ளையே வந்திருக்காக!"

கதவிடுக்கில் எட்டிப் பார்த்த சண்முகசுந்தரிக்குத் தலை சுற்றியது. கூடத்து நாற்காலியில், நுனியில் ஒட்டிக்கொண்டு… அந்த முள் ஓவர்சியர்!

நடந்தது இதுதான். இரண்டு நாளாக அவன் கண்ணுக்குள் அந்தக் கண்களே வந்து வந்து முறைத்தன. கரையை நடந்து பார்த்தான். சைக்கிள் போனால் ஒன்றும் ஆகாது. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததும், பேச்சிமுத்துவிடம் அவள் வீட்டை விசாரித்துக்கொண்டு, நேரே போய்ச் சொல்லிவிடப் புறப்பட்டான். "பெரிய வீட்டுக்கு வெறுங்கையோடயா போவாக?" என்று பேச்சிமுத்து ஒரு பையைத் திணித்தான். உள்ளே என்ன இருக்கிறதென்று பாராமல் இவனும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். முத்துவடிவு பையைப் பிரித்தாள். ஒரு சீப்புப் பழம், வெற்றிலை, பாக்கு, மேலே ஒரு பந்து பிச்சிப்பூ.

வளர்பிறை வியாழக்கிழமை, கல்யாணமாகாத பையன், வெற்றிலை பாக்கோடு பூவும் பழமும்… தென்காசியில் இதற்கு இரண்டாவது அர்த்தம் கிடையாது.

அவன் வந்த காரியத்தைச் சொல்வதற்குள் அப்பா ஆவுடைநாயகம் பாளையங்கோட்டையில் இருக்கும் அவனுடைய பெரியப்பா வரை விசாரித்து, உறவும் கண்டுபிடித்துவிட்டார். மகளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"சனிக்கிழமை சைக்கிள் டூரெல்லாம் வேண்டாம்மா. கல்யாணப் பேச்சு நடக்க நேரத்துல பொண்ணு சைக்கிள்ல ஊர் சுத்துனா, மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனைப்பாக?"

அவ்வளவுதான்! யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டாள் அவள்.

"கரைய அடைச்சது பத்தாதுன்னு இப்ப வீட்டு வாசலையும் அடைக்க வந்தீங்களாக்கும்?"

காந்திமதிநாதன் பதறி எழுந்தான். "ஐயா… நான் பொண்ணு கேட்டு வரலை! கரையில சைக்கிள் போகலாம்னு சொல்லத்தான் வந்தேன்."

ஆவுடைநாயகத்தின் முகம் சிவந்தது.

"பொண்ணு கேட்டு வரலையா? பூவும் பழமும் கொண்டாந்து வச்சிட்டுப் பேச்ச மாத்துதீரா? எம் பொண்ணுக்கு என்ன கொறை கண்டீரு?"

சண்முகசுந்தரி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நெஞ்சில் சுருக்கென்றது. 'அதானே… எனக்கு என்ன குறை?' இப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

"கொறையே இல்லைங்கய்யா." அவன் குரல் தணிந்தது. "கேக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்னு சண்டை போட்டாங்கல்ல… அப்பவே. ஆனா இன்னைக்கு நான் கேட்டா சனிக்கிழமை சைக்கிள் நின்னுரும். அதனால கேக்கலை. போயிட்டு வரட்டும். அதுக்கப்புறம் கேக்க வாரேன்."

கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினான். கேட்காத சம்பந்தத்துக்காக மகளைத் தடுக்க ஆவுடைநாயகத்துக்கு நியாயம் கிடைக்கவில்லை. முத்துவடிவு பின்னாலேயே போய்ப் பையைத் திருப்பிக் கொடுத்தாள். பூவை மட்டும் கொடுக்கவில்லை.

*

சனிக்கிழமை முள் விலகியிருந்தது. சேறான இடமெல்லாம் சரளைக்கல் கொட்டி மிதித்திருந்தது. வரிசையாகப் பிள்ளைகள், மணியடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும்… மேகம் மலையிலிருந்து இறங்கி வயல் மேல் நின்றது. மண்டபத்துத் தூணைத் தடவி எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். இலஞ்சியில் கட்டுச்சோறு. சித்திரசபைச் சுவர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வர மனமில்லாமல் வந்தார்கள். ஒரு பிள்ளையும் விழவில்லை.

டீச்சர் மட்டும் போகும்போதும் வரும்போதும் கரையில் ஒரு கறுப்புக் குடையைத் தேடினாள்… காணோம்.

ஞாயிற்றுக்கிழமை வருவான் என்று பார்த்தாள். வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. "வாய்ச்சொல் வீரன்!" என்றார் அப்பா. அதற்கடுத்த வாரம் அவளால் பொறுக்க முடியவில்லை. என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான்? சாரலில் நனைந்துகொண்டே சைக்கிளை மிதித்தாள்.

அவன் மதகடியில் தன் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றிருந்தான்.

"எங்க அப்பாகிட்ட என்ன சொன்னீங்க? டூர் முடிஞ்சதும் வாரேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்… ஆனா அடுத்தாப்ல ஒன்பதாம் வகுப்புப் புள்ளைங்களயும் கூட்டிட்டுப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். நான் எப்ப கேட்டாலும் ஒரு பயணம் நிக்கும் டீச்சர். உங்க சைக்கிளப் பூட்டி வச்ச பாவம் எனக்கு வேண்டாம்."

"அதனால காலம் பூரா கேக்கவே மாட்டீங்க! நான் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கணும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கன்னம் சூடேறியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"ஆமா, பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். எனக்குச் சைக்கிளும் வேணும்… நீங்களும் வேணும். இத ஒரு பொண்ணு மழையில நனைஞ்சு வந்து தன் வாயால சொல்லும்படி வச்சிட்டீங்களே, வெக்கமா இல்ல?"

அவன் கண்ணில் நிறைந்தது சாரலா, வேறெதுவுமா…

"மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனைப்பாகன்னுதான அப்பாவுக்குக் கவலை? நீங்கதான மாப்பிள்ளை வீடு? என்ன நெனைக்கீங்க, சொல்லுங்க!"

"நானும் ஒரு சைக்கிள எடுத்துக்கிட்டுக் கூட வரணும்னு நெனைக்கேன்."

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள் அவள்.

"அத எங்க அப்பாகிட்ட வந்து சொல்லுங்க. நாளைக்கு இல்ல… இப்பவே. எடுங்க சைக்கிள!"

அவன் ஸ்டாண்டைத் தள்ளுவதற்குள் அவள் கரையில் பாதி தூரம் போயிருந்தாள்.